கை மதிப்பும் தராசு முள்ளும்

விமானம் ஓட்டக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்



நான் விமானி இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். ஆகாயத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் தங்கை மகள் உங்களைப் போலவே ஒரு பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். அவள் சொல்லிக் கேட்டதும், அவளை நினைத்துத் தூக்கம் வராத இரவுகளில் நான் தேடிப் படித்ததும்தான் இந்த மடலுக்குக் கைமுதல்.

போன மழைக்காலத்தில் அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சாயங்காலம் படகுத்துறையில் நின்றிருந்தோம். எதிரே வில்லிங்டன் தீவு, அதன் துறைமுகக் கிரேன்கள். அந்தத் தீவில்தான் 1953 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானத்தளம் இருக்கிறது. மழை எங்கள் முதுகுப் பக்கமாக, கடலிலிருந்து வந்தது. முதலில் பின்னால் கிடங்குகளின் ஓட்டில் சத்தம். பிறகு எங்களைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியது. நாங்கள் கூரைக்கடியில் ஒதுங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் கிரேன் இல்லை, தீவு இல்லை, தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்பதும் இல்லை. எல்லாம் ஒரே சாம்பல்.

"மாமா, இந்த நேரம் நான் மேலே இருந்திருந்தா?" என்றாள்.

நான் விளையாட்டாக, "மேலே இருக்கிறவளுக்கு மேல் எது, கீழ் எது என்றுகூடவா தெரியாது?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கிடங்குக்கு வந்தவள், என்னை என் சுழல் நாற்காலியிலேயே உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, ஒரே சீராக, மெதுவாகச் சுற்றினாள். முதலில் சுற்றுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வேகம் குறைகிறது என்று பட்டது. அப்புறம் நின்றே விட்டது. "நிறுத்திட்டியா?" என்றேன். கிடங்குப் பையன்கள் சிரித்தார்கள். நாற்காலி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். பிறகு அவள் நிஜமாகவே நிறுத்தினாள். அந்தக் கணத்தில் நான் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கினேன். கண்கட்டை அவிழ்க்கும்வரை சத்தியம் செய்திருப்பேன், இடது பக்கமாகச் சுழல்கிறேன் என்று. நாற்காலி அசையாமல் இருந்தது.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் ஒரு திரவம். தலை திரும்பும்போது குழாய் நகர்கிறது, திரவம் பின்தங்குகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று படிக்கிறது. சுழற்சி சீராகத் தொடர்ந்தால் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும். வித்தியாசம் போனதும் செய்தியும் போய்விடும். சுழற்சி நின்றால் குழாய் நிற்கும், திரவம் ஓடும். மூளை எதிர்த்திசைக் கதையை நம்பிவிடும். நொடிக்கு இரண்டு பாகைக்கும் குறைவான வேகத்தில் திரும்பினாலோ, இந்தக் காதுக்கு அது தெரிவதே இல்லை. தரையில் கண் உடனுக்குடன் திருத்திவிடுவதால் நாம் தப்பிக்கிறோம். மேகத்துக்குள் திருத்த ஆள் இல்லை.

அங்கே நடப்பதை அவள் மேஜைமேல் உள்ளங்கையை விமானமாக வைத்துக் காட்டினாள். ஒரு இறக்கை மெல்லச் சாய்கிறது. காது சொல்லவில்லை. சாய்ந்த விமானம் தானாகத் திரும்புகிறது, மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது, உயரம் குறைகிறது. உயரமானியைப் பார்த்த விமானி பதறிப்போய் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறார். இறக்கை சாய்ந்தபடியே இழுத்தால் விமானம் ஏறாது. சுழல்தான் இன்னும் இறுகும். கடைசிவரை அவருக்குத் தான் நேராக உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 நொடியில். மிக நீண்ட நேரம் தாக்குப்பிடித்தவர் 480 நொடியில். சராசரி 178 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு இரண்டு நொடி குறைவு. எங்கள் கிடங்கில் ஒரு மூட்டையைப் பிரித்து, மாதிரி எடுத்து, திரும்பத் தைப்பதற்கு அதைவிட நேரமாகும்.

இங்கே நான் என் தொழிலுக்குள் வந்துவிடுகிறேன். எங்கள் கிடங்கில் ஒரு பெரியவர் இருந்தார். மூட்டையை ஒரு தரம் தூக்கி இறக்கினால் எடையைச் சொல்லிவிடுவார். அரைக் கிலோ பிசகாது. ஒருநாள் நாலு கிலோ பிசகியது. விசாரித்தால், காலையெல்லாம் பெரிய மூட்டைகளாகத் தூக்கியிருக்கிறார். கனத்துக்குப் பழகிய கைக்கு அடுத்த மூட்டை இலேசாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கை அவரிடம் பொய் சொல்லிவிட்டது. அவர் சண்டைக்கு நிற்கவில்லை, தராசு முள்ளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், முள் காட்டியதை எழுதச் சொன்னார். மட்டாஞ்சேரியில் எத்தனை பெரிய அனுபவசாலி ஆனாலும் கை மதிப்புக்கு யாரும் பணம் தருவதில்லை.

நீங்கள் படிக்கும் கருவிப் பறப்பும் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உடம்பு சொல்வது கை மதிப்பு. முகப்புப் பலகையில் இருப்பது முள். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் பக்கம் மிட்செல் களத்தில் ஜேம்ஸ் டூலிட்டில் என்ற ராணுவ விமானி, தன் இருக்கையை முழுக்க மூடிக்கொண்டு, வெளியே ஒன்றையும் பார்க்காமல் கிளம்பி, சுற்றி, அதே இடத்தில் இறங்கிக் காட்டினார். முன்னிருக்கையில் துணைக்கு ஒருவர் இருந்தார்; அவர் கை வைக்க வேண்டி வரவில்லை. டூலிட்டிலுக்கு வழிகாட்டியவற்றில் முக்கியமானது செயற்கைத் தொடுவானம். அதன் உள்ளே இருப்பது, நம் தெருவில் பிள்ளைகள் விடும் பம்பரத்தின் குணம்: வேகமாகச் சுழலும் பம்பரம் தன் நிலையை விட்டுக்கொடுக்காது. விமானம் அதைச் சுற்றிச் சாயும், பம்பரம் சாயாது. அந்த வித்தியாசத்தைத்தான் நீலமும் பழுப்புமாக உங்கள் முன்னால் காட்டுகிறார்கள்.

தெளிவான வானத்தில் மட்டுமே பறக்க வேண்டிய நிலையில் திடீரென்று மேகத்துக்குள் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். உங்கள் பயிற்றுநர் சொல்வதே உங்களுக்குச் சட்டம். நான் கேட்டதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஜன்னலில் ஒரு பார்வை, கருவியில் ஒரு பார்வை என்று அலையக் கூடாது. செயற்கைத் தொடுவானத்தில் இறக்கைகளை நேராக்கி அப்படியே வைக்க வேண்டும். அதையே முறைத்துக்கொண்டும் இருக்கக் கூடாது: அதிலிருந்து வேகமானி, திரும்ப அதற்கே வந்து உயரமானி, திரும்ப அதற்கே வந்து திசைமானி என்று பார்வை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனியாதீர்கள். திரும்பிக்கொண்டிருக்கும் விமானத்தில் தலையைச் சட்டென்று அசைத்தால் காதுக்குள் இருக்கும் மூன்று குழாய்களும் சேர்ந்து குழம்பும். தானியங்கி இருந்தால் அதைப் போட்டுவிடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

விமானம் நிலைப்பட்ட பிறகு திரும்ப வேண்டும். கடலைப் பார்த்து 270-ல் போய்க்கொண்டிருந்தீர்கள் என்றால் கரைக்குத் திரும்பும் எண் 090. அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். சிறிய விமானத்தில் சுமார் 15 பாகை சாய்வு போதும். நொடிக்கு மூன்று பாகை வீதம் திரும்பினால் சரியாக ஒரு நிமிடத்தில் வந்த வழியைப் பார்த்து நிற்பீர்கள். உங்களுக்குப் பின்னால் தெளிந்த வானம் இருந்தது என்பது ஒன்றுதான் அந்த நேரத்தில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். இதெல்லாம் ஆன பிறகு வானொலி. மேகத்துக்குள் போய்விட்டேன், உதவி வேண்டும் என்று சாதாரணப் பேச்சில் சொல்லுங்கள். முதலில் ஓட்டு, பிறகு வழி பார், பிறகு பேசு என்று அவள் மூன்று விரலை மடக்கினாள்.

மலைக்குள் இந்தக் கணக்கு மாறும். பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்காது. இறக்கையை நேராக்கி, முழு விசை கொடுத்து, மலையைவிட உயரமாக ஏறுவதுதான் வழியாக இருக்கும். எவ்வளவு உயரம் ஏறினால் பிழைப்போம் என்பதைப் புறப்படும் முன்பே வரைபடத்தில் பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். மேகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதைத் தேட முடியாது.

"சரி, முள்ளே பொய் சொன்னால்?" என்று கேட்டேன். கணக்கெழுதுகிறவனுக்கு வரவேண்டிய கேள்விதானே?

அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1978 ஜனவரி 1, இரவு. மும்பை சாந்தாகுரூஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானமான 'எம்பரர் அசோகா'. கடற்கரையைத் தாண்டியதும் கீழே இருட்டான கடல், மேலே இருட்டான வானம். மேகமே தேவையில்லை, தொடுவானம் தானாகவே காணாமல் போய்விட்டது. ஒரு வலது திருப்பத்தை முடித்து நேரான பிறகும், தலைமை விமானியின் தொடுவானக் கருவி வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. அவர் அதை நம்பி இடப்பக்கம் சாய்த்தார். மேலும் மேலும் சாய்த்தார். ஓடுபாதையை விட்டு எழும்பி 101 நொடியில் விமானம் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானி அறையில் துணை விமானிக்கு முன்னால் இன்னொரு தொடுவானக் கருவி இருந்தது. மூன்றாவதாக ஒரு துணைக்கருவியும் இருந்தது. ஒன்று கெட்ட பிறகு மற்றவற்றைக் கொண்டு விமானத்தை மீட்கவில்லை என்பதுதான் விசாரணை கண்ட முடிவு.

எங்கள் கிடங்கில் இரண்டு தராசு இரண்டு எடை காட்டினால், எது நமக்குச் சாதகமோ அதை எடுத்துக்கொள்வதில்லை. எடை தெரிந்த படிக்கல்லை இரண்டிலும் வைத்துப் பார்ப்போம். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். தொடுவானம் சாய்ந்து நிற்கிறது, ஆனால் திசைமானி நகரவில்லை, திருப்பமானி நேராக இருக்கிறது என்றால் பொய் எங்கே என்று தெரிந்துவிடும். பழைய பயிற்சி விமானங்களில் தொடுவானமும் திசைமானியும் ஒரே வெற்றிடப் பம்பில் ஓடும், திருப்பமானி மின்சாரத்தில் ஓடும் என்று அவள் சொன்னாள். அப்படிப் பிரித்து வைத்ததே ஒன்று செத்தாலும் மற்றது சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். எனவே "கருவியை நம்பு" என்ற வாக்கியத்தை அரைகுறையாக மனப்பாடம் செய்யாதீர்கள். கருவிகளை நம்புங்கள், பன்மையில்.

இதுவரை சொன்னது கையும் கண்ணும் செய்ய வேண்டியது. இனிச் சொல்லப்போவது மனம் செய்ய வேண்டியது. இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2021 டிசம்பர் 8 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து முற்பகல் 11.48-க்குக் கிளம்பிய எம்.ஐ. 17 வி5 ஹெலிகாப்டர், 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது. 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பச்சத்திரத்தில் அது விழுந்தபோது முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். 13 பேர் அன்றே போனார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்துப் பெங்களூரில் இறந்தார். விசாரணைக் குழு கண்டதை 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்டது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசையும் நிலையும் தடுமாறியது. கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே நிலத்தில் மோதியது.

இதை எழுதுவது அந்த விமானிகளைக் குறை சொல்ல இல்லை. அவர்கள் தேர்ந்தவர்கள். தேர்ந்தவர்களுக்கும் காதுக்குள் இருப்பது அதே மூன்று குழாய்கள்தான் என்று சொல்லவே எழுதுகிறேன். விமானப்பள்ளியில் வேண்டிய மணி நேரத்தில் பாதிகூடச் சேர்க்காத உங்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

எங்கள் கொச்சிக் கதை ஒன்றும் உண்டு. நல்லபடியாக முடிந்த கதை. 2015 ஆகஸ்ட் 18 அதிகாலை, தோகாவிலிருந்து வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் எங்கள் விமான நிலையமான நெடும்பாசேரியில் இறங்கப் பார்த்தது. பார்வைத்தூரம் போதவில்லை. விமானம் ஓடுபாதையை நெருங்கி, விளக்கு தெரியாமல், மறுபடி மேலே ஏறியது. இப்படி மூன்று முறை. பிறகு திருவனந்தபுரத்துக்குத் திருப்பினார்கள். அங்கும் வானம் மூடியிருந்தது. அங்கும் இறங்கப் பார்த்து, ஏறி, ஏழாவது முயற்சியில் தரை தொட்டார்கள். அப்போது தொட்டியில் மிஞ்சியிருந்த எரிபொருள் சுமார் 350 கிலோ. இருபது டன் கொள்ளும் தொட்டி அது. 350 கிலோ என்பது எங்கள் கணக்கில் ஏழு மூட்டை மிளகு.

இந்த விமானத்தை ஓட்டியவர்களிடம் உயர்ந்த கருவிகள் இருந்தன. கருவிகளை வைத்தே பறக்கும் உரிமமும் இருந்தது. ஓடுபாதை தெரியவில்லை என்றால் ஏறிவிட வேண்டும் என்பதில் அவர்கள் தவறவில்லை, அது சரியான செயல். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் தொட்டியிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போனது. வேறு ஊருக்குப் போகும் முடிவு, போவதற்கு எரிபொருள் தாராளமாக இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டிய முடிவு. கடனை அடைக்கக் கையில் பணம் இருக்கும்போதே அடைக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரனும் சொல்வான். திரும்புவதும் அப்படித்தான். ஐந்து கிலோமீட்டர் பார்வைத்தூரம் குறையத் தொடங்கும்போது திரும்பினால் அது சாதாரணத் திருப்பம். மேகத்துக்குள் போன பிறகு திரும்பினால் அது பரீட்சை.

அப்படியானால் ஏன் யாரும் முன்கூட்டித் திரும்புவதில்லை? அறிவு குறைவால் இல்லை என்று நினைக்கிறேன். நாம் எல்லோரும் சேர்ந்து திரும்புவதை ஒரு தோல்வியாக்கி வைத்திருக்கிறோம். "கிளம்பிய காலைப் பின்வைக்கக் கூடாது" என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். திரும்பி வந்த மாணவனைப் பார்த்து, "என்னப்பா, ஒரு தூறலுக்கே பயந்துட்டியா?" என்று கேட்கும் நண்பன் இருக்கிறான். இறங்காமல் ஏறிவிட்ட விமானியைத் திட்டும் பயணியாக நானும் ஒருமுறை இருந்திருக்கிறேன். நெடும்பாசேரிக்கு வரவேண்டிய விமானம் வேறு ஊரில் இறங்கியதால் ஒரு கல்யாணத்தைத் தவறவிட்டவன் நான். அன்று நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த விமானி என் உயிருக்கு ஒரு கல்யாணச் சாப்பாட்டைவிட அதிக விலை போட்டிருந்தார்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். அடுத்த முறை பயிற்றுநரோடு பறக்கும்போது, கண்ணை மறைக்கும் ஹூட்டைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு நிமிடத் திருப்பத்தைச் செய்யக் கேளுங்கள். பிறகு தொடுவானக் கருவியையும் மறைக்கச் சொல்லி மறுபடி செய்யுங்கள். எந்தப் பார்வைத்தூரத்துக்குக் கீழே போனால் திரும்புவேன் என்பதைத் தரையிலேயே ஒரு எண்ணாக எழுதி வையுங்கள். மேலே போய் அந்த எண்ணோடு பேரம் பேசாதீர்கள். திரும்பி வந்த தோழனையோ தோழியையோ ஒருபோதும் கேலி செய்யாதீர்கள்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வீட்டில் எவ்வளவு பணம் கட்டுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் கட்டுகிறோம். போக வேண்டிய ஊருக்குப் போகாமல் பாதியில் திரும்பினால் அந்தப் பணம் வீண் என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் அதற்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தகுதி உண்டு. மேகத்தைப் பார்த்துத் திரும்பி வந்து இறங்கிய அரை மணி நேரமும் உங்கள் பதிவேட்டில் அரை மணி நேரம்தான். அதுவும் அந்த 200-ல் சேரும்.

அன்புடன்,
மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை